பையனுக்கும் ஆயாவுக்கும் நடுவுல நிக்கிறேன், வழி சொல்லுங்க

வணக்கம். கடலூர் முதுநகர்ல இருந்து எழுதுறேன். என் பையன் பதினொண்ணாவது படிக்கிறான். தைப்பூசத்துக்கு வடலூர்ல ஜோதி தரிசனம் பார்த்துட்டு வந்ததிலிருந்து மீன், கறி தொடறதில்ல. எனக்குச் சந்தோஷம்தான். ராத்திரி ஊர் சுத்துறது நின்னுபோச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா பஸ் ஏறி வடலூர் போய், பசிச்சவங்களுக்குச் சோறு போடுற தருமச்சாலையில பந்தி பரிமாறுறான். 1867-ல வள்ளலார் மூட்டின அடுப்பு இன்னும் அணையலம்மான்னு கண்ணு விரியச் சொல்வான்.

ஆனா அவனோட ஆயா, அதாவது எங்க அத்தை, துறைமுகத்துல மீன் எடுத்து, கூடையில சுமந்து வித்துத்தான் இந்தக் குடும்பத்தைக் கரை சேர்த்தாங்க. போன வாரம் அவனுக்குன்னு தனியா வச்ச ரசத்தை ஊத்தப் போனாங்க. தட்டை இழுத்துக்கிட்டு, "உன் கை நாறுது ஆயா"ன்னுட்டான். அவங்க ஒண்ணும் பேசல. கிணத்தடியில புளி போட்டு மூணு தடவை கையைத் தேய்ச்சுக் கழுவினாங்க. அன்னையிலிருந்து அவன் சாப்பிடுற நேரத்துல அடுப்படிக்கே வர்றதில்ல.

சாதி மதம் பார்க்காம பசிச்சவங்களுக்கெல்லாம் சோறு போடச் சொன்னவர் வழியில போறவன், சோறு போட்ட கையை ஒதுக்கலாமா? அடிச்சுக் கேட்டா, நல்லா வந்த பழக்கத்தையும் சேர்த்து விட்டுடுவானோன்னு பயமா இருக்கு.

வள்ளலார் வழியில நடக்கிற சன்மார்க்க சங்கத்துல இருக்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது அவன்கிட்ட உட்கார்ந்து பேச முடியுமா? நான் சொன்னா ஏறல, அங்க இருக்கிறவங்க சொன்னா கேட்பான். இதே மாதிரி பிள்ளைங்களை வச்சிருக்கிறவங்க எப்படிப் பேசினீங்கன்னும் எழுதுங்க.