கழுத்தைத் தூக்க முடியவில்லை: சுவாசக் குழாய் எப்போது போடுவது?

கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த பூச்சிமருந்தைத் தண்ணீரென்று விழுங்கிய ஒருவர். லேபிள் இல்லை, அறிகுறிகளைப் பார்த்தால் ஆர்கனோபாஸ்பேட் (நரம்புகளைத் தாக்கும் பூச்சிமருந்து வகை).

வரும்போது கண்மணி ஊசிமுனையளவு, நாடி 46, நெஞ்சு முழுக்கக் கரகரப்பு. முறிமருந்தான அட்ரோபினை 1.8 மில்லிகிராமில் தொடங்கி, 5 நிமிடத்துக்கொரு தடவை இரட்டித்தோம், நெஞ்சு தெளிந்தது. இன்னொரு முறிமருந்தான பிராலிடொக்சைமும் கொடுத்தாயிற்று.

இன்று மூன்றாம் நாள். வியர்வை இல்லை, கண்மணியும் சரி. ஆனால் தலையணையிலிருந்து தலை எழும்பவில்லை. காலையில் ஒரே மூச்சில் 20 வரை எண்ணியவர், மாலையில் 11இல் நின்றுவிட்டார். அட்ரோபினைக் கூட்டிப் பார்த்தேன், வாய்தான் உலர்ந்தது. இரத்த ஒட்சிசன் 97%, ஆனால் மூச்சுத் தசை தளர்வதை அது பிந்தித்தான் காட்டும் என்பதால் அந்த எண்ணை நான் நம்பவில்லை.

இடைநிலைத் தசைத்தளர்ச்சியில் (முதல் நச்சு அறிகுறிகள் அடங்கிய பின் கழுத்து, மூச்சுத் தசைகள் தளர்வது) எந்த அறிகுறியைக் கண்டதும் நீங்கள் குழாய் போடுகிறீர்கள்?