ரீயூனியன் தீவுப் பயணம், ஜூன் (குடும்பக் குழு)

குமரன், காலை 7:12
சித்தப்பா, மஃபாத் மலைப்பள்ளத்துல நடக்க ப்ளான் போட்டாச்சு. முதல் நாள் சிலாவோஸ்ல இருந்து மார்லா. ரெண்டாம் நாள் மார்லா, த்ருவா ரோஷ், ரோஷ் பிளாத், அப்படியே மைதோ ஏறி வெளிய வந்துடலாம். மேப்ல தூரம் ரொம்ப இல்ல. அம்மாவும் வர்றாங்க.

மதி சித்தப்பா, காலை 7:40
தூரத்தை விடு குமரா. மஃபாத்ல கிலோமீட்டர் கணக்கு உதவாது. எவ்வளவு ஏறணும், எவ்வளவு இறங்கணும்னு மட்டும் கூட்டு. அண்ணியோட போனா ஏத்தத்துக்கு மணிக்கு 250 மீட்டர்னு வச்சுக்கோ. ரோஷ் பிளாத்ல இருந்து மைதோ உச்சி சுமார் 1,100 மீட்டர். அது மட்டுமே நாலரை மணி நேரம். அதுவும் காலைல இருந்து அஞ்சு மணி நேரம் நடந்து களைச்ச காலோட. ஜூன்ல ஆறு மணிக்கு முன்னாடியே இருட்டிடும்.

செல்வி, காலை 7:52
தம்பி, மைதோவுக்கு கார்லயே போகலாமாமே?

மதி சித்தப்பா, காலை 7:55
போகலாம் அண்ணி. வேற ஒரு நாள் விடியற்காலைல போய் மேல நின்னு மஃபாத் முழுசையும் பாருங்க. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி மூடிடும். நடையோட அதைச் சேர்க்க வேணாம்.

பெரியப்பா, காலை 8:20
எரிமலை வாய்க்குள்ளயா நடக்கப் போறீங்க? பாதுகாப்பு எப்படி?

மதி சித்தப்பா, காலை 8:41
வாய் இல்லண்ணே. நடுவுல பித்தோன் தே நேஷ், 3,070 மீட்டர். அது அடங்கி 12,000 வருஷத்துக்கு மேல ஆச்சு. அதைச் சுத்தி மஃபாத், சலாசி, சிலாவோஸ்னு மூணு பெரிய பள்ளம். மலை சரிஞ்சதும் ஆறு அரிச்சதும் சேர்ந்து தோண்டினது. இன்னைக்கும் குழம்பு கக்கறது பித்தோன் த லா ஃபூர்னேஸ், தென்கிழக்குல தனியா நிக்கற மலை.

இங்க நெருப்பை விட தண்ணிக்கும் உதிர்ற கல்லுக்கும்தான் பயப்படணும். 1952 மார்ச்ல சிலாவோஸ்ல 24 மணி நேரத்துல 1,870 மி.மீ. பெஞ்சது. நம்ம புதுச்சேரிக்கு வருஷம் முழுக்கவே சுமார் 1,300தான். பாறையும் ஒரே கல்லு இல்ல. இறுகின குழம்பு ஒரு அடுக்கு, உதிரிச் சாம்பலும் கல்லும் ஒரு அடுக்குன்னு மாறி மாறி இருக்கும். உதிரி அடுக்கு ஊறினா மேல இருக்கற கல்லு பிடிப்பு விட்டுடும். அதனால மழைக்கு மறுநாள் நல்ல வெயில் அடிச்சாலும் பாறைச் சுவர் நிழல்ல உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. நடந்துகிட்டே தாண்டணும்.

குமரன், காலை 8:50
அப்போ ப்ளானை எப்படி மாத்தறது?

மதி சித்தப்பா, காலை 9:15
மூணு நாள், ரெண்டு ராத்திரி. வாடகைக் காரை சிலாவோஸ்ல விடாதீங்க. வெளிய வர்றது சலாசி பக்கம். ரெண்டுக்கும் நடுவுல குறுக்கு ரோடு கிடையாது, கடற்கரை வரைக்கும் இறங்கிச் சுத்தணும். சேன் லூயில இருந்து சிலாவோஸுக்கு பஸ் இருக்கு, அதுல ஏறுங்க. வளைவு ரொம்ப, 400 வளைவு ரோடுன்னே பேரு. அண்ணிக்கு முன் சீட்.

முதல் நாள்: இலே ஆ கோர்த் ரோட்டுல இருந்து தாய்பி கணவாய். 1,250ல இருந்து சுமார் 2,080. ஏத்தம் மூணு, மூணரை மணி. அந்தப் பக்கம் மார்லாவுக்கு 450 மீட்டர் இறக்கம். காலை ஏழு மணிக்குள்ள கிளம்பணும்.
ரெண்டாம் நாள்: மார்லாவுல இருந்து த்ருவா ரோஷ் போய்த் திரும்பி, லா நூவேல். த்ருவா ரோஷ் வேணாம்னா ரெண்டே மணில லா நூவேல் வந்துடலாம்.
மூணாம் நாள்: லா நூவேல்ல இருந்து கோல் தே பெஃப் கணவாய், 500 மீட்டர் ஏத்தம். நான் சேந்த் ஆந்த்ரேல இருந்து வந்து கூட்டிக்கறேன்.

இலக்கியா, காலை 9:32
அம்மா முட்டிக்கு ஏத்தம் பிரச்சனை இல்ல சித்தப்பா, இறக்கம்தான். கட்டை வச்சுப் பதிச்ச படி ஒண்ணு ஒரு உயரம். அம்மா, இன்னைல இருந்து தினம் 15 நிமிஷம் மாடிப்படில மெதுவா இறங்கிப் பழகுங்க. ஏறுறதை விட இறங்குறது முக்கியம். ஊன்றுகோல் ரெண்டும் வேணும். ஏறும்போது குட்டையா வைங்க, இறங்கும்போது கொஞ்சம் நீட்டிக்குங்க. கால் விரல் ஷூ முனைல இடிச்சா நகம் கருத்துடும். அதனால நகத்தை வெட்டிட்டு, இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடி கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்கிக் கட்டணும்.

செல்வி, காலை 9:40
சரிம்மா. புது ஷூவே போட்டுக்கவா?

இலக்கியா, காலை 9:41
புதுசு வேணாம். பழகினது, அடில பல்லு தேயாதது. கல்லு மேல பரவின எரிமலைப் பொடிக்கல்லு கோலிகுண்டு மாதிரி உருளும்.

குமரன், காலை 10:05
த்ருவா ரோஷ் அவ்வளவு ஆபத்தா? போட்டோல தண்ணி கணுக்கால் அளவுதான் இருக்கு.

மதி சித்தப்பா, காலை 10:30
அந்த இடம் எப்படின்னு கேளு. காலே ஆறு வழவழன்னு மெழுகின பெரிய பாறைத் தளத்து மேல பரவி வரும். தரை மாதிரி இருக்கும். கொஞ்ச தூரத்துல அதே தண்ணி முழுசும் ஒரு வெடிப்புக்குள்ள விழுந்து மறைஞ்சிடும். ரோஷ் பிளாத் பாதை ஆத்தைத் தாண்டறது அந்த வெடிப்புக்கு மேல் பக்கம். வழுக்கினா பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல. நீங்க தாண்டவே வேணாம், மார்லா பக்கக் கரைல இருந்தே பாருங்க. விளிம்பு கிட்ட போகாதீங்க, ஈரக் கல்லுல கால் வைக்காதீங்க.

வழில எங்க ஓடை வந்தாலும் ஒரு கல்லைத் தண்ணி ஓரத்துல அடையாளம் வச்சு பத்து நிமிஷம் பாருங்க. கல்லு முழுகினா திரும்பிடுங்க. தண்ணி கலங்கி வந்தா, குச்சி இலை மிதந்து வந்தா, அடில கல்லு உருள்ற சத்தம் கேட்டா கால் வைக்கவே கூடாது. உங்க தலைக்கு மேல வானம் நீலமா இருக்கலாம், உச்சில பெஞ்சிருக்கும். சரிவு செங்குத்து, அதனால சீக்கிரம் ஏறும். மழை நின்னா சில மணி நேரத்துல வடியவும் செய்யும். காத்திருக்கறதுதான் வழி. தாண்டும்போது பையோட இடுப்பு, மார்பு பக்கிளைக் கழட்டிடுங்க.

பெரியப்பா, காலை 10:48
ஆத்துல குளிக்கலாமா?

மதி சித்தப்பா, காலை 10:52
தேங்கின தண்ணி வேணாம்ண்ணே. இங்க எலிக்காய்ச்சல் உண்டு, கால்ல கீறல் இருந்தா அது வழியா ஏறும். குடிக்கவும் தண்ணியைச் சுத்தமாக்கற மாத்திரையை அதுல போட்டு அரை மணி கழிச்சுத்தான். தாய்பி ஏத்தத்துக்கு ஆளுக்கு 2 லிட்டர் கீழயே நிரப்பிக்கணும்.

இலக்கியா, காலை 11:10
தங்கற இடம்?

மதி சித்தப்பா, காலை 11:26
மஃபாத்துக்கு ரோடே கிடையாது, அரிசி பருப்பு எல்லாம் ஹெலிகாப்டர்ல வருது. அதனால மலைவிடுதில சாப்பாட்டோட முன்பதிவு பண்ணணும். ராத்திரி ஒரே பந்தி. சோறு, பயறு, "காரி". நம்ம கறிதான், பேரு கூட மாறல. ஏடிஎம் இல்ல, சின்ன நோட்டா யூரோ கொண்டு போங்க. மார்லா 1,600 மீட்டருக்கு மேல, ஜூன் ராத்திரி நடுங்கும். ஸ்வெட்டர், மழைக் கோட்டு, தலைல கட்டற டார்ச், அதுக்கு மாத்து பேட்டரி. பை ஆளுக்கு 7 கிலோ தாண்ட வேணாம்.

வழில வெள்ளை சிவப்புக் கோடு போட்டிருந்தா அது பெரிய நடைப்பாதை. அதே நிறத்துல பெருக்கல் குறி இருந்தா தப்பு வழி. கிளம்பறதுக்கு முந்தின நாள் வனத்துறை தளத்துல எந்தப் பாதை மூடியிருக்குன்னு பாரு. கயிறு கட்டி அடைச்சிருந்தா சுத்திப் போகாத.

செல்வி, காலை 11:34
மூணாம் நாள் வழில புளியந்தோப்பு இருக்குன்னு குமரன் சொன்னான்.

மதி சித்தப்பா, காலை 11:38
தாமரென்னு பேருதான் அண்ணி, புளியமரம் இல்ல. வேல மர இனம், இந்தத் தீவுல மட்டும் வளர்றது. காத்துல சாய்ஞ்சு படுத்த மாதிரியே வளரும். அடில சேறு, அதுக்கு மேல கட்டை அடுக்கியிருக்கும். ஈரக் கட்டைல நடுவுல மிதிங்க, ஓரம் சுழலும்.

குமரன், பகல் 12:02
மாத்திட்டேன் சித்தப்பா. மூணாம் நாள் லா நூவேல்ல காலை 7:30க்குக் கிளம்பறோம்.

மதி சித்தப்பா, பகல் 12:10
சரி. உள்ள போன் சிக்னல் பல இடத்துல கிடைக்காது, நேரத்தை இப்பவே பேசிக்குவோம். பதினொண்ணு மணிலேர்ந்து கோல் தே பெஃப் பார்க்கிங்ல இருப்பேன். மூணு மணி வரைக்கும் வரலைன்னா அவசர எண் 112க்குச் சொல்லிடுவேன். வழியை மாத்தினா விடுதில சொல்லி எனக்குத் தகவல் அனுப்பச் சொல்லுங்க. மார்லாவுல ராத்திரி பூரா கூரைத் தகரத்துல மழை அடிச்சா த்ருவா ரோஷ் வேணாம், நேரா லா நூவேல்.