பழைய வாஷிங் மெஷின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

வாடகை வீட்டோடு வந்த மெஷின் என்றால் நீங்களாகக் கழற்றாதீர்கள், கடைக்கும் ஓடாதீர்கள். ஒப்பந்தத்தில் அது வீட்டுக்காரருடைய பொருளாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பழுதை எழுத்தில் தெரிவியுங்கள். இனி சொல்வதெல்லாம் சொந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்கு.

எல்லோரும் மெஷினின் வயதைக் கேட்கிறார்கள். நான் முதலில் அதன் சத்தத்தைக் கேட்பேன்.

முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். சத்தமின்றிச் சுற்றினால் நல்லது. மணலை அரைப்பது போல் கரகரத்தால், டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடினால் பயமில்லை. அது ஸ்பிரிங்கில்தான் தொங்குகிறது. தொட்டி அப்படியே இருக்க டிரம் மட்டும் தனியே ஆடினால், அதைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்துவிட்டது. அப்போது மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி: தொட்டி திருகாணி போட்டு இணைத்ததா, ஒட்டி மூடியதா? ஒட்டியதென்றால் பெரும்பாலும் முழுத் தொட்டியையும் மாற்றச் சொல்வார்கள். எட்டு வயது மெஷினுக்கு அந்தச் செலவு வீண்.

தண்ணீர் வடியவில்லை என்பது வேறு விஷயம். முன்பக்கம் திறக்கும் மெஷின்கள் பலவற்றில் கீழ் மூலையில் ஒரு சிறிய மூடி இருக்கும், உள்ளே வடிகட்டி. சுடுநீர் ஆறிய பிறகு, தட்டும் பழந்துணியும் வைத்துத் திறங்கள். என் மெஷின் ‘செத்துப்போன’ அன்று அதற்குள்ளிருந்து வந்தவை ஒரு நாணயம், இரண்டு சட்டைப் பொத்தான்கள், குழந்தையின் ஒற்றைக் காலுறை. மெக்கானிக்குக்குப் பணம் கொடுத்த பிறகுதான் அந்த மூடி இருப்பதே எனக்குத் தெரிந்தது.

பம்ப், பெல்ட், கதவு ரப்பர், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் எல்லாம் தேய்வதற்கென்றே உள்ளவை, தயங்காமல் மாற்றுங்கள். பாகத்தைவிடக் கூலி அதிகமாகும் நாடுகள் உண்டு. அதனால் வந்து பார்ப்பதற்கான கட்டணம் வேலைக்கூலியில் கழியுமா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். மொத்தம் புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் பழுது பார்க்க மாட்டேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊர் திரும்பும்போது கொண்டுபோகலாம் என்று விலை கூடியதை வாங்காதீர்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள வீட்டில் நேரடியாக ஓடாது.

முன்பக்கம் திறக்கும் புதியது வந்தால், பின்புறம் டிரம்மை இறுக்கிவைத்திருக்கும் நீளமான போல்ட்டுகளைக் கழற்றிய பிறகே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மெஷின் அறை முழுக்க நடக்கும். கழற்றியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த வீடு மாறும்போது மறுபடி மாட்ட வேண்டும்.