அமெரிக்கக் கோழிக்காலுக்குத் தடை போட்டது சரியா?

பல்லடம்_குமார்:
பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி 2007-இல் இருந்து அமெரிக்கக் கோழிக்கறியை நம் அரசு தடுத்து வைத்திருந்தது. 2015-இல் உலக வர்த்தக அமைப்பு அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. என்னைக் கேட்டால் தடை சரிதான். 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் நோய் வந்தபோது எங்கள் கொட்டகையில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. ஆனாலும் வாங்க ஆளில்லை. எடை தாண்டிப்போன கோழிகளுக்குத் தினமும் தீவனம் கொட்டிவிட்டு, வராத லாரிக்காக அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அந்த நோயைக் கப்பல் ஏற்றி வேறு வரவழைக்க வேண்டுமா?

தமிழினி:
அந்த வேதனை புரிகிறது அண்ணா. ஆனால் அந்த வழக்கில் நாம் ஏன் தோற்றோம் என்று பாருங்கள். இங்கே நோய் வந்தால் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள்தான் கெடுபிடி. அமெரிக்காவில் எங்கோ ஒரு மாநிலத்தில் வந்தால் மொத்த நாட்டுக்கும் தடை என்று வைத்திருந்தோம். அதுவும் வீரியம் குறைந்த வகைக்கே! ஆலப்புழை வாத்துக்கு நோய் வந்ததென்று நாமக்கல் முட்டையை வளைகுடா நாடுகள் நிறுத்தினால் ஒத்துக்கொள்வோமா?

பல்லடம்_குமார்:
வீரியம் குறைந்தது என்று அலட்சியமாக இருக்க முடியாது. பறவைக் காய்ச்சல் கிருமியில் எச்5, எச்7 என்ற வகைகள் கோழிக்குக் கோழி பரவும்போதே கொடியதாக மாறக்கூடியவை. எங்கள் கொட்டகைக்குள் யார் வந்தாலும் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். லாரி டயருக்கும் மருந்து அடிக்கிறோம்.

தமிழினி:
மாறும் என்பது உண்மைதான். அதனால்தான் வீரியம் குறைந்த வகையையும் கண்டதும் தெரிவிக்க வேண்டும் என்று அப்போதைய உலக விலங்கு நல விதிகள் சொன்னன. உண்மையைச் சொன்ன நாட்டுக்கு முழுத் தடை என்றால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்? அப்புறம், உங்கள் பயத்தில் பாதி விலையைப் பற்றியது. அமெரிக்கர்களுக்கு நெஞ்சுக்கறிதான் பிடிக்கும், கால் மிஞ்சிவிடும், அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார்கள். அதைத் தடுக்க இறக்குமதி வரி இருக்கிறதே, நூறு சதவீதம்!

பல்லடம்_குமார்:
விலைப் பயம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வரியைப் பேச்சுவார்த்தையில் ஒரே கையெழுத்தில் குறைத்துவிடுவார்கள். சரி, தடையை மாநில வாரியாகவே பிரிக்கட்டும். அங்கே நோய் இல்லை என்பதை நம் ஊர் கால்நடை மருத்துவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

தமிழினி:
அதற்கு உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது அண்ணா. நோயற்ற பகுதி என்று நிரூபிக்க வேண்டியது விற்கும் நாடு. நாம் கேட்டால் ஆய்வுக்கும் விட வேண்டும். மொத்தமாகக் கதவைச் சாத்தாமல் இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.