பழைய ஜாடியும் தூக்கும், மீந்த குழம்பும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தூண், கதவு, பொம்மை, பழைய படம் என்றுதான் தேடுவார்கள். நான் நேராகக் கடையின் பின்பக்கம் போய்விடுவேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடி, எவர்சில்வர் தூக்கு, அந்தக் காலத்தில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த எனாமல் பாத்திரம், பித்தளை அடுக்கு எல்லாம் தூசி படிந்து அங்கேதான் கிடக்கும். முன்னால் இருக்கிற சாமான்களின் விலையோடு பார்த்தால் இவை சல்லிசு, பேசினால் இன்னும் குறையும்.

அங்கே ஒரு கடைக்காரப் பெரியவர் சொல்லிக்கொடுத்ததை எழுதியே ஆக வேண்டும். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக இருந்த ஒரு ஜாடியைக் கையில் எடுத்தேன். "வெறுமனே பார்த்தாத் தெரியாதும்மா, தட்டிப் பாருங்க" என்று விரல் முட்டியால் தட்டினார், ணங்கென்று நின்று ஒலித்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, தட்டினால் டொக்கென்று அடங்கிப்போன சத்தம். இதில் மயிரிழை விரிசல் இருக்கிறது, எண்ணெய் கசியும், அழகுக்கு வைக்கத்தான் ஆகும் என்று அவரே ஒதுக்கி வைத்துவிட்டார். இப்படிச் சொல்லி விற்கிறவரிடம் பேரம் பேச எனக்கு மனசே வரவில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அதில் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன், காலையில் தாள் காய்ந்தே இருந்தது. எங்கள் வீட்டுப் புளிக்காய்ச்சல் இப்போது அதில்தான், மேலே நல்லெண்ணெய் ஒரு விரல் கனத்துக்கு நிற்க, ஈரக் கரண்டி படாமல்.

எனாமல் பாத்திரம் வாங்கினால் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பூச்சு பெயர்ந்து கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் அங்கே இரும்பு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், புளி சேர்ந்த எதையும் அதில் வைக்காதீர்கள், துரு இறங்கிவிடும். பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், அதுவும் காரீயமாக இல்லாமல் வெள்ளீயமாக. இண்டாலியம் சட்டியில் ரசத்தையோ குழம்பையோ ராத்திரி முழுக்க விட்டுவைப்பதும் கூடாது, புளி அதை அரித்துவிடும்.

ஆனால் மீந்ததை எடுத்துவைக்க எனக்கு அதிகம் கைகொடுப்பது அரை லிட்டர், கால் லிட்டர் எவர்சில்வர் தூக்குகள்தான். யாரும் வாங்காத அளவு என்று பாத்திரக்கடைகளில் பழசு போட்டுப் புதுசு வாங்கும் இடத்தில் ஓரமாகக் குவித்திருப்பார்கள், எடைக்குக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நம் வீடுகளில் மீறுவது ஒரு கரண்டி கூட்டு, அரைக் கிண்ணம் சாம்பார், இவ்வளவுதான். அதைச் சமைத்த குக்கரோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் இடமும் போகும், உள்ளே ஆறவும் நேரமாகும், மூன்றாம் நாள் மூடியைத் திறக்கவே பயப்படுவோம். சின்னத் தூக்கில் மாற்றி, அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி அதற்குள் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும், மெல்லிய எவர்சில்வர் தகடு சூட்டைப் பிடித்து வைக்காது.

இந்த இடத்தில் கல்சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலத்து மாக்கல் சட்டியை வடிகஞ்சி ஊற்றி, மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவிப் பழக்கி எடுத்தால் வத்தக்குழம்புக்கு அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது, அடுப்பை அணைத்த பிறகும் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூடுதான் மிச்சத்துக்கு ஆகாது. மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்தால் கிருமி வளர அதைவிட வசதி வேண்டாம். அதனால் கல்சட்டியில் சமைக்கிறவர்கள், சாப்பிட்டு முடித்த கையோடு வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சோற்றில் இது இன்னும் முக்கியம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியாவின் வித்து இருக்கும், கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு வெளியில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது பெருகி நஞ்சு உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. வாசனையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே உள்ள ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டால் அடுத்த நாள் புளியோதரைக்கோ எலுமிச்சைச் சாதத்துக்கோ தாராளமாக ஆகும். உதிரியாகவும் இருக்கும், சுடு சோற்றைவிடக் கலக்க நன்றாக வரும்.

எனக்குப் பிடித்த மிச்சம் என்றால் அது எங்கள் திருநெல்வேலிச் சுண்டக்கறிதான். பொங்கலன்று இடிசாம்பார், அவியல், சிறுகிழங்கு, சேனை, அவரை, கத்தரி என்று இலை நிறையச் சமைப்போம், எப்படியும் மீறும். ஆச்சி அன்று ராத்திரியே எல்லாவற்றையும் ஒரு மண்சட்டியில் கொட்டி, சிறு தீயில் நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் படுக்கப் போவாள். அவியலில் தேங்காயும் தயிரும் இருப்பதால் கொதிக்கவிடாமல் வைத்தால் விடிவதற்குள் நுரைத்துவிடும். சூடாக இருக்கும்போது மூடக் கூடாது, ஆவி வேர்த்து உள்ளேயே சொட்டும் என்பாள், ஒரு மெல்லிய துணி மட்டும்தான் மேலே. காலையில் திரும்ப அடுப்பில் ஏற்றினால் கிழங்கின் ஓரம் கரைந்து, குழம்பு சுருண்டு, சட்டியின் விளிம்பில் எண்ணெய் பிரிந்து நிற்கும். பழையதுக்கு அதைத் தொட்டுச் சாப்பிடவே பொங்கலுக்கு மறுநாள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் இப்போதும் அதே முறையில்தான் செய்கிறேன், ராத்திரி கொதிக்கவைத்து ஆறியதும் தூக்குகளில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது மட்டும் கூடுதல். காலையில் எத்தனை பேர் சாப்பிடுகிறோமோ அந்த அளவுத் தூக்கை மட்டும் எடுத்துச் சுண்ட வைத்தால் போதும், முழுச் சட்டியையும் திரும்பத் திரும்பச் சூடு பண்ண வேண்டியதில்லை.

தேங்காய்ச் சட்னியை மட்டும் நான் மறுநாளுக்கு வைப்பதே இல்லை, அளவாக அரைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் ஒரு உதவி. காரைக்குடியில் வாங்கிய பித்தளை அடுக்கு ஒன்று பூச்சு போய்ச் சும்மா இருக்கிறது. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் நல்ல வெள்ளீயமாகப் பூசித் தருகிறவர் யாரையாவது தெரிந்தால் எந்தத் தெருவுக்கு எப்போது வருவார் என்று சொல்லுங்கள்.