தாத்தாவின் சவரக்கத்தியைத் தீட்ட உதவி வேண்டும்

வணக்கம். கும்பகோணம் பக்கம் இருக்கிறேன். தாத்தா வைத்திருந்த மடக்குச் சவரக்கத்தி இப்போது என்னிடம் வந்திருக்கிறது, அடிப்பக்கத்தில் சோலிங்கன் என்ற ஜெர்மன் ஊர்ப்பெயர் பொறித்திருக்கிறது. பழுப்புத் துரு ஏறியிருந்தாலும் விளிம்பு எங்கும் உடையவில்லை. பெட்டியில் பூட்டி வைக்க மனமில்லை, நானே தீட்டி இதில்தான் சவரம் செய்ய வேண்டும்.

சாணை பிடிக்கிறவரிடம் கொடு என்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை, சுற்றும் சக்கரத்தில் சூடேறினால் இவ்வளவு மெல்லிய விளிம்பின் பதம் போய்விடும். அதனால் 1000, 4000, 8000 கிரிட் (எண் கூடக் கூட நைசான) தீட்டுக்கற்களில், முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லில் படும்படி படுக்கவைத்துத் தேய்த்து, கடைசியில் தோல் வாரில் முதுகு முன்னே போகும்படி இழுக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா?

பொறித்த எழுத்து அழியாமல் துருவை எடுக்க எந்த நம்பர் உப்புத்தாள் வாங்கலாம்? அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் இங்கே சுவரே ஓதம் காக்கும், கார்பன் எஃகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதுமா, மெஷின் ஆயில்தான் வேண்டுமா? தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் இந்தக் கத்தியைத் தீட்டத் தெரிந்த பழைய சலூன்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்க் கற்றுக்கொள்கிறேன்.