ரோசெக் பள்ளத்தாக்கு: அம்மாவோடு போன அனுபவம்

மூட்டுவலி உள்ள அம்மாவை ரோசெக் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நான் போன மாதிரி மட்டும் போகாதீர்கள்.

தெரியாதவர்களுக்கு: இது சுவிட்சர்லாந்தின் எங்கடீன் பகுதியில் இருக்கிறது. கார் பொன்ட்ரெசினா ஊரோடு சரி. அங்கிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர் நடக்கலாம், சைக்கிளில் போகலாம், இல்லையென்றால் குதிரை வண்டி. பாதை முடிகிற இடத்தில், கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு ஹோட்டல். அதற்கு மேல் பனியாறுகள்தான். சூரிக்கிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். கூர் ஊரில் வண்டி மாறியதும் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், 65 மீட்டர் உயர லேண்ட்வாசர் பாலம் அந்தப் பக்கம்தான் நன்றாகத் தெரியும்.

நான் செய்த தப்பு இதுதான். நம் ஊர் ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி, போனால் ஏறிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஸ்டேஷன் பக்கத்தில் குதிரை வண்டி நின்றது, ஆனால் எல்லா இருக்கையும் முன்பதிவு. நான் முழித்துக்கொண்டு நிற்க, 68 வயது அம்மா, "மலையா ஏறச் சொல்றாங்க? மெதுவா நடப்போம் வா" என்று கிளம்பிவிட்டார்.

ஏறுமுகம்தான், ஆனால் ஏழு கிலோமீட்டருக்கும் சேர்த்து 200 மீட்டர்தான் உயரம் கூடுகிறது. இரண்டு மணி நேர நடை என்பார்கள். நாங்கள் கண்ணில் பட்ட பெஞ்சில் எல்லாம் உட்கார்ந்து, மூன்றரை மணி நேரம் ஆக்கினோம்.

பாதி வழியில், லார்ச் மரங்களுக்கு நடுவே ஒரு பாட்டி கையை நீட்டியபடி அசையாமல் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் "அலெக்ரா" என்றார், அங்கே அதுதான் வணக்கம். அம்மாவின் உள்ளங்கையில் நாலைந்து கடலைத் துண்டுகளை வைத்து, ஆட்டாதே என்று சைகை காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பட்டாணிக்குருவி ஒன்று வந்து விரல் நுனியில் உட்கார்ந்தது. ஒரு துண்டைக் கொத்தியது, பிடிக்கவில்லை போல, கீழே போட்டுவிட்டுப் பெரியதாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு பறந்தது. "கனமே இல்லடா, நகம் மட்டும் குறுகுறுங்குது" என்றார் அம்மா, உதடு அசையாமல். அப்புறம் அடுத்த குருவிக்காகக் காத்திருந்ததில் அரை மணி நேரம் போனது. வண்டியில் போயிருந்தால் இது கிடைத்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பும்போது யாரோ வராததால் வண்டியில் இரண்டு இடம் கிடைத்தது. அது அதிர்ஷ்டம், அதை நம்பிப் போகாதீர்கள். போகும்போது நடை, வரும்போது வண்டி என்று முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். வெயில் அடித்தாலும் சால்வை வேண்டும், வண்டி ஓட ஆரம்பித்ததும் குளிர் பிடித்துக்கொள்கிறது. கடலை வாங்கினால் உப்புப் போடாததாகப் பார்த்து வாங்குங்கள்.